கைத்தொழிலும் தியானமும்

தியானம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் மனத்தில் எழும் காட்சி ஒன்றே. கண்ணை மூடி, காலை மடக்கி, உலகை மறந்து ஒருவர் அமர்ந்திருக்கின்றார். அவருக்கு வேண்டிய சோற்றை வேறொருவர் சமைக்கின்றார். அச்சோற்றுக்கு வேண்டிய பானையை இன்னொருவர் வனைகின்றார். அமர்ந்திருப்பவர் ஞானி என்றும், சமைப்பவர் தொண்டர் என்றும், வனைபவர் குயவர் என்றும் பெயர் பெறுகின்றனர். முதல்வரை வணங்குகின்றோம், இரண்டாமவரை ஏவுகின்றோம், மூன்றாமவரிடம் பேரம் பேசுகின்றோம். இவ்வரிசை எங்ஙனம் ஏற்பட்டது, இது நியாயந்தானா என்பதை நம்மில் அநேகர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இக்காலத்தில் இவ்வரிசையைக் கலைக்கும் கூட்டத்தார் உலகின் பல நாடுகளிலும் தோன்றியுள்ளனர். களிமண்ணைக் கொண்டு கலைப்பொருள் செய்வோருட் பலர் தம் தொழிலையே தியானம் என்கின்றனர். சக்கரத்தின் முன் அமர்வதும், மண்ணைப் பிசைவதும், சூளையின் தீயைக் காப்பதும் தமக்கு வழிபாடு என்கின்றனர். காட்சிக்கூடங்கள் அவர்களை வரவேற்கின்றன, அரசுகள் விருதளிக்கின்றன. மண்ணைத் தொடும் கைக்கு மதிப்பு ஏற்படுவதுகண்டு நாம் மகிழவேண்டியதே. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. மண்வேலை ஒரு கலைஞருக்கு வழிபாடு ஆகுமாயின், செங்கல் அறுப்பவருக்கும், பால்மரம் வெட்டுபவருக்கும், சட்டி பானை வனைபவருக்கும் அவரவர் வேலை ஏன் வழிபாடு ஆகவில்லை? அவர்களுக்கு ஆகாதெனின், கலைஞருக்கு மட்டும் ஆவது எவ்வாறு? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டுக்கு நாம் தொலைவிற் செல்லவேண்டியதில்லை. ஜொகூர்ப் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். அந்நகரின் மட்பாண்டக் கலையில் தலைசிறந்தவராக மதிக்கப்படுபவர் இஸ்கந்தர் ஜலீல். 1940-ஆம் ஆண்டு பிறந்த இவர், முதலில் கணிதமும் அறிவியலும் கற்பித்த பள்ளி ஆசிரியர். கொழும்புத் திட்டத்தின் உதவிபெற்று இந்தியாவில் நெசவு பயின்றார். பின்னர் 1972-ஆம் ஆண்டு அத்திட்டத்தின்கீழேயே ஜப்பானிலுள்ள தஜிமி நகருக்குச் சென்று மட்பாண்டத் தொழில் கற்றார். திரும்பியபின் பல்லாண்டுகள் தாமும் வனைந்து, பிறருக்கும் கற்பித்தார். 1988-ஆம் ஆண்டு சிங்கப்பூர் அரசு அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கியது. 2015-ஆம் ஆண்டு ஜப்பான் அரசு தன் உதய சூரியன் விருது வரிசையில் ஒன்றை அவருக்கு அளித்தது. 2016-ஆம் ஆண்டு சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் அவருடைய கலங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அக்காட்சிக்கு இட்ட மலாய்ப் பெயர் ‘கெம்பாரா தானா லியாட்’; களிமண்ணின் பயணம் என்று அதற்குப் பொருள் கூறலாம்.

அவர் செய்தவற்றுட் பெரும்பாலானவை சாடி, குடுவை, கிண்ணம், தேநீர்க்கெண்டி முதலிய கலங்களே. வழவழப்பான பீங்கானைக் கண்டு பழகிய கண்ணுக்கு அவை முதலிற் கரடுமுரடாகத் தோன்றும். மண் தன் சொரசொரப்போடு நிற்கும். கெண்டிக்குக் கைப்பிடியாக மரக்கிளைத் துண்டு ஒன்று வளைந்து நிற்கும். அவர் பெயராலேயே வழங்கும் ஒரு நீலநிற மெருகு சிலவற்றின்மேல் படர்ந்திருக்கும். சிலவற்றில் ஜாவி எழுத்துக்கள் செதுக்கப்பட்டிருக்கும். தெய்வ உருவம் ஒன்றும் இல்லை; தூபமும் தீபமும் இல்லை. ஆயினும் அவற்றின் முன் நிற்பவருக்கு ஓர் அமைதி உண்டாகின்றது. மட்கலம் ஒன்று மனிதனை ஏன் அமைதிப்படுத்த வேண்டும்?

அவரைப்பற்றிச் சிங்கப்பூரிற் பலரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. அவர் மிகக் கண்டிப்பான ஆசிரியர். மாணவர் வனைந்த கலம் தரத்திற் குறைந்ததாயின் அதனை உடைத்துவிடுவார் என்பர். அமைதி தரும் கலங்களைச் செய்பவரிடத்தில் இக்கடுமை எதற்கு என்று சிலர் வினவலாம். அமைதியும் கடுமையும் ஒரே வேரில் தோன்றியவை என்பதே நம் கருத்து. அதனை விளக்கும்பொருட்டு மண்ணின் இயல்பைச் சிறிது கூறுவோம்.

பிசைந்த மண்ணுக்குள் காற்றுக்குமிழி நிற்கலாகாது. சக்கரத்தின் நடுவில் மண் அமராவிடில் எத்துணை வலிய கையும் அதனை நிமிர்த்தமாட்டாது. அமர்ந்துவிட்டாலோ விரல்நுனியே போதும். ஈரம் முற்றும் உலராத கலத்தை விரைந்து சுட்டால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கலத்தை வெடிக்கச் செய்யும். வெப்பம் 573 பாகையை எட்டும்போது மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் படிகம் திடீரெனப் பருக்கும். ஆறும்போது அதே நிலையில் சுருங்கும். அவ்வேளையில் அவசரப்பட்டவனுக்குக் கீறல் விட்ட கலமே மிஞ்சும். எல்லாவற்றினும் கருதத்தக்கது இன்னொன்று. சுடாத கலம் எவ்வளவு கோணலாயினும் நீரில் ஊறவைத்தால் மீண்டும் மண்ணாகும். ஏறத்தாழ 600 பாகைக்கு மேல் வெந்த கலமோ எக்காலத்தும் மண்ணாகாது. ஆதலின் தீர்ப்பு, தீக்கு முன்னே சொல்லப்பட வேண்டும். குறையுள்ள கலத்தை அப்போதே கலைப்பவன் மண்ணைக் காக்கின்றான். இரக்கப்பட்டுச் சூளைக்குள் விடுபவன் குறையை நிலைக்கச் செய்கின்றான்.

இவ்விதிகளுள் ஒன்றையேனும் பிரார்த்தனையால் மாற்றமுடியாது. முஸ்லிம் வனைந்தாலும் இந்து வனைந்தாலும் பௌத்தர் வனைந்தாலும் ஈரக்கலம் வெடிக்கும். ஆகவே, வனைபவன் தன் அவசரத்தையும் செருக்கையும் ஒருபுறம் வைத்துவிட்டு, எதிரே இருக்கும் மண்ணுக்கு என்ன வேண்டும் என்று முழுமனத்துடன் பார்த்தாகவேண்டும். அப்பார்வையில் ‘நான்’ என்பது சற்று நேரம் அடங்கிவிடுகின்றது. அவ்வடக்கத்தைத் தியானம் என்று அழைத்தால் நமக்கு மறுப்பில்லை. அவ்வேளையில் ஒருவர் தம் இறைவனை நினைப்பாராயின் அஃது அவர் உரிமை. நினையாதவருக்கும் அந்நிலை கிட்டும் என்பதே நாம் கூறவந்தது.

நிற்க. இக்கலைக்கு இடமளித்த சிங்கப்பூரிலேயே, மண்ணும் தீயும் வேறொரு வகையில் உழைத்த வரலாறு உண்டு. தீவின் மேற்குப்பகுதியில், ஜாலான் பஹார் என்னும் சாலையருகே இரண்டு பழைய சூளைகள் இருக்கின்றன. ஒன்று 1940-ஆம் ஆண்டிலும், மற்றது 1958-ஆம் ஆண்டிலும் கட்டப்பட்டவை. சீனர் இதனை நாகச்சூளை என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். சரிந்த நிலத்தில், மேட்டை நோக்கி ஏறும் நீண்ட குகைபோல் அஃது அமைந்திருக்கும். கீழ்வாயில் விறகிட்டுத் தீ மூட்டினால் வெப்பம் தானே மேல்நோக்கி இழுக்கப்படும். பக்கத்துளைகள் வழியே மேன்மேலும் விறகிடுவர். விறகின் சாம்பல் பறந்து கலங்களின்மேல் படியும். வெப்பம் 1200 பாகையைக் கடந்தபின் அச்சாம்பல் மண்ணோடு கூடி உருகிக் கண்ணாடிபோற் படரும். எந்தக் கலத்தில் எவ்வாறு படரும் என்பதை எவரும் முழுமையாக முன்கூட்டிச் சொல்ல இயலாது. இதனைச் சிலர் விதி என்பர். அது விதியன்று. காரணம் அறிந்து, செய்யக்கூடியவற்றையெல்லாம் செய்து முடித்து, கைக்கு அப்பாற்பட்டதற்குக் காத்திருத்தல் என்பது வேறு. காரணம் அறியாமல் கைகட்டி நிற்றல் என்பது வேறு.

இச்சூளைகளில் அந்நாளிற் சுடப்பட்டவை யாவை? கலைப்பொருள்கள் அல்ல. பூச்சாடிகளும், தோட்டங்களுக்கு வேண்டிய மங்குகளுமே ஆகும். மங்கு இன்னதென்று தோட்டத்தில் வளர்ந்தவர்க்கு விளக்கவேண்டியதில்லை. நகரத்து வாசகர்களுக்காகக் கூறுகின்றோம்: பால்மரத்தின் வெட்டுக்குக் கீழே கம்பியிற் பொருத்தி, வடியும் பாலை ஏந்த வைக்கும் சிறு கிண்ணம் அது. நாம் வேலை பார்க்கும் தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆயிற்று. மறுநடவுக்கு நிலத்தைப் புரட்டும்போது இன்றும் மண்மங்குகள் வெளிப்படுவதுண்டு. ஒன்றைக் கழுவிப் பார்த்தோம். உட்புறம் மட்டும் மெருகு. பால் ஒட்டாமல் துடைக்கவேண்டும் என்பதற்காக. வெளிப்புறம் சும்மா விடப்பட்ட மண். விளிம்பில் ஓரிடத்தில் யாரோ ஒருவருடைய விரல் அழுந்திய தடம். கையளவான அப்பொருளில் வீணானது ஒன்றும் இல்லை. குறைவானதும் ஒன்றும் இல்லை. அதை வனைந்தவர் பெயரை எவரும் அறியார். அதில் நாள்தோறும் பாலெடுத்துத் துடைத்துக் கவிழ்த்தவர் பெயரையும் எவரும் அறியார். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்தபின் மண்மங்குக்குத் தேவை குறைந்தது. சூளைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. எஞ்சிய இவ்விரண்டும் இன்று மரபுச் சின்னங்களாகவும் கலைஞர் கூடும் இடங்களாகவும் விளங்குகின்றன.

‘கலைஞரின் கிண்ணம் எங்கே, மங்கு எங்கே? அது தனியொருவரின் உள்ளத்தில் பிறந்தது. இது ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட சந்தைச் சரக்கு. இரண்டையும் ஒப்பிடுதல் தகுமா?’ என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு ஜப்பானே விடை கூறுகின்றது. அந்நாட்டில் தேசியச் செல்வமாகப் பாதுகாக்கப்படும் தேநீர்க் கிண்ணங்களுள் ஒன்று, கியோத்தோ நகரின் தைத்தோகுஜி மடத்தைச் சார்ந்த ஓர் இல்லத்தில் உள்ளது. அது 16-ஆம் நூற்றாண்டில் கொரியாவில் செய்யப்பட்ட சாதாரணக் கிண்ணம். ஏழைகளின் அன்றாடப் புழக்கத்துக்கு, பெயரறியாக் குயவர் எவரோ விரைந்து வனைந்தது. யானாகி சோயெட்சு என்னும் ஜப்பானிய அறிஞர் 1931-ஆம் ஆண்டு அதனை நேரிற் கண்டு, அதன் எளிமையே அதன் மேன்மை என்று எழுதினார். சாமானியர் கைத்தொழிலுக்கு ‘மிங்கெய்’ என்று பெயர் சூட்டி ஓர் இயக்கத்தையே நடத்தியவர் அவர். ஆகவே, சந்தைச் சரக்கு கலைப்பொருள் ஆகாது என்னும் வாதம் நிற்கமாட்டாது.

யானாகியின் நூலை ஆங்கிலத்தில் நாம் விருப்புடன் படித்ததுண்டு. ஆயினும் ஓரிடத்தில் அவரோடு உடன்பட இயலவில்லை. பெயரைக் கருதாமல், புகழை வேண்டாமல், ஆயிரமாயிரம் முறை ஒன்றையே செய்ததனால்தான் அக்குயவனின் கையில் செருக்கற்ற அழகு பிறந்தது என்று அவர் போற்றுகின்றார். இது கேட்பதற்கு இனிது. ஆனால் அக்குயவன் பெயரை வேண்டாம் என்று துறந்தானா, அல்லது அவனிடம் எவரும் பெயர் கேட்கவில்லையா? துறவு என்பது தன்னிடம் உள்ளதை விடுதல். இல்லாததை விடுதல் எப்படித் துறவாகும்? அக்கிண்ணத்துக்கு ஒரு பெயர் உண்டு. கிஸாயெமோன் என்பது அப்பெயர். அது வனைந்தவன் பெயரன்று. பிற்காலத்தில் அதனை வைத்திருந்த ஜப்பானிய வணிகரின் பெயர். இதனினும் கொடியது ஒன்று. 1592 முதல் 1598 வரை ஜப்பானியப் படைகள் கொரியாவைத் தாக்கியபோது, அந்நாட்டுக் குயவர் பலரைக் கைதிகளாகக் கொண்டுசென்றன. தேநீர்ச் சடங்கின் அமைதிக்குப் பின்னால் அக்கைதிகளின் கண்ணீரும் இருக்கின்றது. ஏழையின் பெயரின்மையை ஞானம் என்று புகழ்வது எளிது. புகழ்பவருக்குப் பெயர் இருக்கின்றதல்லவா?

பிறரைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. நம் வீட்டைப் பார்ப்போம். படைத்தவனைக் குயவனுக்கு ஒப்பிடாத மதம் அரிது. மனித உடலை மட்பாண்டத்துக்கு ஒப்பிட்டுப் பாடாத ஞானியும் அரியர். ஆனால் கடவுளைக் குயவனுக்கு ஒப்பிட்டவர்கள், குயவனை மனிதனுக்கு ஒப்பாக நடத்தினார்களா? திருநீலகண்டர் என்னும் குயவரை அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவராக வைத்துக் கும்பிட்ட சமுதாயமே, அவர் தொழிலைச் செய்தவரைத் தாழ்ந்த படியில் நிறுத்தியது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் வேளார் என்னும் குயவர் ஐயனார் கோயிலுக்கு மண்குதிரை செய்கின்றனர். பல கோயில்களில் பூசாரியும் அவர்களே. குதிரை கோயிலில் நிற்கும்வரை வணக்கம். வனைந்தவர் தெருவுக்கு வந்தால் சாதி. கீழடி அகழாய்வில் கிடைத்த பானையோடுகளில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டுள்ளன என்று நாம் பெருமைப்படுகின்றோம், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அவை பானையை உடையவர்களின் பெயர்கள் என்றே கருதப்படுகின்றன. வனைந்தவர் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் பானையில் இல்லை, இன்றும் இல்லை.

சிங்கப்பூரின் குட்டி இந்தியாவில், தைப்பொங்கலை ஒட்டிக் கேம்பல் லேனில் மண்பானைகள் அடுக்கிவைக்கப்படும். தேர்ந்தெடுத்து, தட்டிப் பார்த்து, ஓசை கேட்டு வாங்குகின்றோம். அப்பானையில் பொங்கும் பாலை மங்கலம் என்கின்றோம். இது எந்த ஊர்ச் சூளையில் வெந்தது, வனைந்தவருக்கு என்ன கிடைத்தது என்று எவரேனும் கேட்டதுண்டா? காட்சிக்கூடத்தில் மண்சாடிக்கு முன் குரலைத் தாழ்த்திப் பேசும் நாமே, இங்கே இரண்டு வெள்ளி குறைக்கும்படி குரலை உயர்த்திப் பேசுகின்றோம். மண் ஒன்று, தீ ஒன்று, நம் குரல்தான் இரண்டு.

இனி, இரண்டாவது தடையை ஆராய்வோம். இது முந்தியதைவிட வலியது. நம் தோட்டத்து நண்பர்களே இதனை எழுப்புவர். ‘உழைப்பே வழிபாடு என்று சொல்லிச் சொல்லித்தானே எங்களை இவ்வளவு காலம் ஏமாற்றினார்கள்? வேலை தெய்வம் என்றால் கூலி கேட்பது பாவம் ஆகிவிடுகின்றது. நீரும் அதே பாட்டைப் பாட வந்தீரா?’ என்று அவர்கள் கேட்டால், அக்கேள்வி முற்றிலும் நியாயமானது. கலைஞரின் தியானத்தைப் புகழ்ந்துவிட்டு இதற்கு விடை கூறாமற் போவது நாணயமாகாது.

சிங்கப்பூரின் பழைய வரலாற்றிலிருந்தே ஒன்றைக் காட்டுவோம். 1825-ஆம் ஆண்டு முதல் 1873-ஆம் ஆண்டு வரை இந்தியாவிலிருந்து கைதிகள் அத்தீவில் வைக்கப்பட்டிருந்தனர். சாலை போட்டவர்களும் செங்கல் அறுத்தவர்களும் அவர்களே. 1862-ஆம் ஆண்டு திருநிலைப்படுத்தப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்களுடைய கைவேலை. அதன் சுவருக்கு மதராஸ் சுண்ணம் பூசினர். சுண்ணாம்பையும் முட்டையின் வெண்கருவையும் சர்க்கரையையும் குழைத்து, தேங்காய்மட்டை ஊறிய நீரை விட்டுப் பதமாக்கிப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அம்முறை. எத்துணைக் கவனம் வேண்டும் என்று எண்ணுங்கள். காலில் தளை, கையில் அத்துணை நேர்த்தி. அதைத் தியானம் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் தளை மறைந்துவிடும். கவனம் இல்லை என்று சொல்லலாமா? சொன்னால் அம்மனிதர்களின் திறமையை இரண்டாம் முறை சிறையிடுவோம். ஆகவே, கவனம் மட்டும் தியானத்துக்குப் போதாது. வேறு ஏதோ வேண்டும். அஃது யாது?

இஸ்கந்தர் ஜலீல் உடைத்த கலத்திற்கு மீண்டும் வருவோம். அவர் ஏன் உடைக்க முடிந்தது? உடைக்கும் உரிமை அவருக்கு இருந்தது. ‘இது போதாது; மறுபடி செய்வோம்’ என்று சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. அவ்வாறு சொன்னதற்காக அவருடைய அன்றைய உணவு குறையவில்லை. இதுவே நாம் கண்ட விடை. கைத்தொழில் தியானம் ஆவதற்கு மூன்று வேண்டும். முதலாவது, செய்பொருளின்மேல் முழுக் கவனம். இரண்டாவது, அப்பொருளுக்கு வேண்டிய காலத்தைக் கொடுக்கும் வசதி. மூன்றாவது, தன் வேலையைத் தானே சீர்தூக்கி, ‘போதாது’ என்று சொல்லும் உரிமை. மூன்றும் கூடினால் செங்கல் அறுப்பதும் வழிபாடே. முதலாவது இருந்து மற்ற இரண்டும் இல்லையேல், அது திறமையுள்ள அடிமைத்தனம். மற்ற இரண்டும் இருந்து முதலாவது இல்லையேல், அது காட்சிக்கூடத்தில் வைத்தாலும் வெறும் சோம்பல்.

இவ்வளவுகோலை நம் தொழிலின்மேல் வைத்துப் பார்ப்போம். 1888-ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைமைப் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் ஒரே வெட்டை மெல்லச் சீவிச் சீவிப் பாலெடுக்கும் முறையைப் பின்வந்த ஆண்டுகளில் வகுத்தார். நூல்கள் அவரைப் பாராட்டுகின்றன, தகும். ஆனால் அம்முறையை ஒவ்வொரு நாளும் மெய்ப்பித்தது யார் கை? பட்டைக்குள் உயிர்த்தோலுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் முன்பே கத்தி நிற்கவேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். கூடினால் மரத்துக்குக் காயம், அக்காயம் ஆண்டுக்கணக்கில் முடிச்சாக நிற்கும். விடியுமுன்னே, தலையிற் கட்டிய விளக்கின் ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த நுட்பத்தைச் செய்தவர்கள் நம் தாய்மார், நம் பாட்டிமார். சிற்பியின் உளிக்கு இதனினும் மேலான கவனம் உண்டென்று நாம் நம்பவில்லை. கவனம் இருந்தது. காலம் இருந்ததா? நிரையை முடித்தாகவேண்டும், முடிக்காவிட்டால் அரைப்பேர். உரிமை இருந்ததா? ‘இந்த மரம் களைத்திருக்கின்றது, இன்று விடுவோம்’ என்று அவர்கள் சொன்னால் கேட்டவர் யார்?

நாம் செக்ரோல் எழுதும் கிராணி. ஆதலின் இதனைக் கணக்குப் புத்தகத்தின் பக்கத்திலிருந்தும் கூறவல்லோம். அன்றைய புத்தகத்தில் பாலின் எடைக்கு ஒரு கட்டம் இருந்தது. இன்று செம்பனைக் குலையின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் உண்டு. பழுக்காத குலைக்குப் பிடித்தம் எழுத இன்னொரு கட்டமும் உண்டு. நேர்த்தியாகச் செய்தார் என்று எழுதுவதற்குக் கட்டம் எங்கும் இல்லை. குறையைக் காண ஏடு உண்டு. நிறையைக் காண ஏடு இல்லை. எழுதப்படாத திறமை இல்லாத திறமையாகிவிடுகின்றது. மூன்று தலைமுறை கழிந்தபின், ‘என் பாட்டி வெறும் கூலிக்காரி’ என்று பேரனே சொல்கின்றான். இதுதான் நமக்கு நேர்ந்த பெரிய நட்டம். நிலம் போனதும் வேலை போனதும் கண்ணுக்குத் தெரிந்தன. இது தெரியாமலே போயிற்று.

ஆயினும் நம் முன்னோர் இதனை உணராதவர் அல்லர். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு மட்டும் கேட்டார்களில்லை. துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டார்கள். வயிற்றையும் முதுகெலும்பையும் ஒரே மனுவில் எழுதிய அவர்களுக்குத் தியானம் என்ற சொல் தேவைப்பட்டிருக்காது. ஆனால் தியானத்துக்கு எது முன்நிபந்தனையோ அதனையே அவர்கள் கேட்டார்கள். குனிந்தே நிற்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டவனுக்குத் தன் வேலையை நிமிர்ந்து பார்க்கும் உரிமை எங்கிருந்து வரும்?

ஆகவே, கலைஞரின் தியானம் பொய் என்று நாம் கூறவில்லை. அது மெய், மிக மெய். அதனாலேயே அது சிலருடைய தனிச்சொத்தாக இருத்தல் தகாது என்கின்றோம். நல்ல கலம் ஒன்றின் முன் நமக்கு உண்டாகும் அமைதி எதனால் என்று முன்னே கேட்டோம். ஒரு மனிதர் அவசரப்படுத்தப்படாமல், அச்சுறுத்தப்படாமல், தம் முழுமனத்தையும் ஒன்றில் வைத்ததன் சுவடு அதில் இருக்கின்றது. அச்சுவட்டைக் காணும்போது நம் மனமும் அவசரத்தை விடுகின்றது. அவ்விதம் ஒருமுறையேனும் வேலை செய்யவேண்டும் என்று விரும்பாத மனிதர் உண்டோ? அதற்கு வழியின்றி மாய்ந்தவர்களின் எண்ணிக்கையை நினைத்தால், அதே அமைதி துயரமாகவும் மாறுகின்றது. இரண்டையும் ஒருங்கே உணர்பவனே அக்கலத்தை உண்மையாகக் கண்டவன்.

வாசகர்கள் செய்யக்கூடியது என்ன? தோட்டத்திலும் நகரத்திலும் உள்ள தோழர்களே, மூன்று கடமைகளைக் கூறி முடிக்கின்றோம்.

உங்கள் கையில் எந்த வேலை இருப்பினும், கத்தியாயினும் கரண்டியாயினும் கணினியாயினும், அதற்கு உங்கள் முழுக்கவனத்தைக் கொடுங்கள். முதலாளிக்காக அன்று, அந்த வேலைக்காகவும் உங்களுக்காகவும். அக்கவனத்தை உங்களிடமிருந்து எவரும் பறிக்க இயலாது.

காலத்தையும் உரிமையையும் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். வேலையை மதிப்பவன்தான் அதற்குரிய நேரத்தையும் கூலியையும் கேட்கத் தகுதியுள்ளவன். வழிபாடு என்று சொல்லி வாயை அடைப்பவரிடம், ‘வழிபடுபவனுக்குக் கோயிலில் நிற்க நேரம் உண்டு, எனக்கு எங்கே?’ என்று கேளுங்கள்.

கடைசியாக, பெயரைக் கேளுங்கள். பானை வாங்கும்போது ஊரைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையில் கூடும் கட்டுமானத் தொழிலாளரைக் கடந்துபோகும்போது, இந்நகரத்தின் சுவர்கள் யார் கையால் நின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். வீட்டில் மூதாட்டி இருந்தால், பட்டையை எப்படிச் சீவினார், கத்தியை எங்ஙனம் தீட்டினார் என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதை எழுதிவைக்கச் சொல்லுங்கள். சிங்கப்பூருக்குப் போனால் கலைக்கூடத்துக்கும் போங்கள். கலைஞரின் கலத்துக்கு முன் அமைதியாக நில்லுங்கள். ஆனால் வீடு திரும்பியபின் அதே அமைதியுடன் உங்கள் பாட்டியின் கையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.